கோட்டுக்கு வெளியே நின்னவ

ஜன்னல் சீட்ட நீயே வச்சிக்க தங்கச்சி. எனக்கு எதா இருந்தா இன்னா, வெளிய வேடிக்க பாக்குற மனசு இன்னிக்கி இல்ல. நீ விழுப்புரத்துல எறங்கிடுவியா? நான் கெளாம்பாக்கம் போயி, அங்கருந்து இன்னொரு பஸ்ஸு புடிச்சி வியாசர்பாடி போவணும். இந்தா, முறுக்கு எடுத்துக்க. என் பொண்ணுக்குன்னு சுட்டு எடுத்தாந்தது. பாதிய அவ வச்சிக்கினு, பாதிய "பஸ்ல சாப்புடும்மா"ன்னு எனக்கே கட்டிக் குடுத்துட்டா.

என் குரலு கொஞ்சம் ஓங்கித்தான் இருக்கும், தப்பா எடுத்துக்காத. முன் சீட்டுப் பெரியவரு ரெண்டு தபா திரும்பிப் பாத்துட்டாரு. நம்ம ரெண்டு பேரும் சண்ட போடுறோம்னு நெனச்சிருப்பாரு. நான் வேல செய்யிறது சட்ட தைக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனி. ஒரே ஹால்ல இருநூறு மிஷினு ஓடும். அதுல ஒரு லைனுக்கு நான் சூப்பர்வைசரு. நாப்பது பொண்ணுங்க. காலரு வைக்கிறவ ஒருத்தி, கை வைக்கிறவ ஒருத்தி, பட்டன் அடிக்கிறவ ஒருத்தி. எவ கையில துணி தேங்குதுன்னு பாத்துக்கினே இருக்கணும். பாத்தாப் போதாது, அந்த இரைச்சல்ல அவ காதுக்குப் போற மாதிரி அடிவயித்துலருந்து கத்தணும். பதினேழு வருசமா கத்துறேன். ஊட்டுல நான் உப்பு கேட்டா பக்கத்து ஊட்டுக்காரி எடுத்துக்கினு வருவா.

யாரப் பாத்துட்டு வரேன்னு கேட்ட இல்ல? என் பொண்ண. யுவராணி. சேலத்துல ஹாஸ்டல்ல தங்கி பி.காம் படிக்கிறா, ரெண்டாவது வருசம். ஃபுட்பாலு ஆடுவா. உன் பொண்ணு கராத்தேக்குப் போறான்னு சொன்னியே, கிளாசுக்கு கூடப் போறியா நீயி? போ. கூடப் போயி நிக்கணும். பெத்தவ நிக்கலன்னா வேற எவ நிப்பா? நான் நின்னேன். அதத்தான் சொல்ல வந்தேன், நான் நின்ன கதய.

எங்க ஏரியாவுல பொண்ணுங்க ஃபுட்பாலு ஆடுறது ஒண்ணும் அதிசயம் இல்ல. தெருவுக்குப் பின்னாடியே கிரவுண்டு. காலையில ஆறு மணிக்கு எபி மாஸ்டர் விசில் அடிப்பாரு. எபினேசர்னு பேரு, ரயில்வேல வேல. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், வந்தப்புறம் ஒரு மணி நேரம், ஒத்தப் பைசா வாங்காம கத்துக்குடுப்பாரு. நல்ல மனுசன்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவருக்கும் கொஞ்சம் இது இருந்துச்சு. பொறாமன்னு சொல்ல மாட்டேன். நீயே கேட்டுட்டு சொல்லு.

யுவாவுக்கு ஒம்போது வயசுல அவரு எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னாரு. "உங்க பொண்ணோட லெஃப்ட் காலு இருக்கே, பத்து வருசத்துக்கு ஒண்ணுதான் அப்பிடி வரும். ஒழுங்கா அனுப்பி வைங்க"ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அவரு போனப்புறம் அவள ஒக்கார வச்சி அந்தக் கால மடியில எடுத்து வச்சிப் பாத்தேன். சின்னக் காலு. சுண்டு வெரல்ல நகம் பேந்து கெடக்கு. இதுலயா இருக்குது, இன்னாத்த கண்டாரு இந்த மனுசன்னு பாத்தேன். தேங்கா எண்ண தடவி உட்டேன். கூசுதும்மா கூசுதும்மான்னு சிரிச்சா பாரு, அந்தச் சிரிப்பு.

அப்புறம் மொத மேட்ச்சு. ஞாயித்துக்கெழம. நான் கோட்டுக்கு வெளியே நின்னுக்கினு இருக்கேன். ஃபுட்பால்ல எனக்கு அப்ப ஒரு எழவும் தெரியாது. பந்து யுவா கால்ல இருக்குது, பின்னாடி ஒருத்தி மாடு மாதிரி ஓடியாறா, இவ பாக்கல. வாய் தானா தொறந்துச்சு. "யுவா, பின்னாடி!" அவ்ளோதான். சடக்குன்னு திரும்பினா, அந்தப் பொண்ணு இவளத் தாண்டிப் போயி உழுந்துச்சு, இவ அடிச்சா, கோலு. எல்லாரும் கை தட்டுறாங்க. அவ ஓடியாந்து என் இடுப்பக் கட்டிக்கினா. "நீ சொன்னம்மா, நான் திரும்பினேம்மா"ன்னு.

நீ சொன்ன, நான் திரும்பினேன். அவ வாயால சொன்னது தங்கச்சி. நானா சொல்லிக்கல.

அதுக்கப்புறம் நான் ஒரு மேட்ச்சு உட்டதில்ல. ஊட்டுக்காரர் போன்ல வெளிநாட்டு மேட்ச்செல்லாம் பாத்து பாத்து நானும் கத்துக்கினேன். ஊட்டுக்காரர் பேரு ஏகாம்பரம், தண்ணி லாரி ஓட்டுறாரு. "நீ இன்னாடி கோச்சு ஆவப் போறியா"ன்னு கிண்டல் பண்ணுவாரு. எனக்கு இன்னா கஷ்டம்? கம்பெனில நாப்பது தல பாக்குறவ, இங்க பதினோரு தல பாக்க மாட்டேனா? எவ சும்மா நிக்கிறா, எங்க எடம் காலியா இருக்குதுன்னு எனக்குப் பளிச்சுன்னு தெரியும். "உள்ள போ"ன்னா உள்ள போவா. "குடுத்துடு"ன்னா குடுத்துடுவா. "லெஃப்ட்ல அடி"ன்னா அடிப்பா. நான் நெனைக்கிறதுக்கும் அவ கால் எடுக்குறதுக்கும் நடுவுல ஒரு மூச்சு கூட இருக்காது. பன்னெண்டு வயசுப் போட்டில கப்பு, பதினாலு வயசுப் போட்டில கப்பு. ஏரியா பசங்க என்ன "பன்னெண்டாவது பிளேயர்"னு கூப்புடுவாங்க. கிண்டலுக்குத்தான் கூப்புட்டாங்க. எனக்கு உச்சி குளுந்து போவும்.

எபி மாஸ்டர் மட்டும் மொகத்த ஒரு மாதிரி வச்சிக்குவாரு. ஒரு நாளு தனியா கூப்ட்டாரு. "குணசுந்தரி அம்மா, கோவிச்சிக்காதீங்க. புள்ள பந்த தப்பா அடிக்கட்டும், உடுங்க. பத்து தபா தப்பா அடிச்சாத்தான் பதினோராவது தபா அதுக்கே தெரியும்"னாரு.

எதுக்கு தப்பா அடிக்கணும்? சரியா அடிக்க வழி இருக்கும்போது வேணும்னே தப்பா அடிக்கச் சொல்லுவாங்களா? கம்பெனில ஒரு பீசு தப்பா தச்சா பிரிக்கணும். பத்து பீசு தப்பா தைக்கட்டும்னு நான் உட்டா என்ன மறுநாளே அனுப்பிடுவாங்க.

இன்னொன்னு பண்ணாரு கேளு. சத்தமில்லாத மேட்ச்சுன்னு ஒண்ணு வச்சாரு. அவரும் வாயத் தொறக்க மாட்டாரு, ஆடுற பொண்ணுங்களும் பேசக் கூடாது, பெத்தவங்க எல்லாம் கிரவுண்ட உட்டு வெளிய போயி டீ குடிக்கணும். டீக்கு அவரே துட்டு குடுத்தாரு. எனக்குத் தெரியாதா, இது யாருக்காக வச்ச மேட்ச்சுன்னு? நான் டீக்கடைக்குப் போவல. செவுத்துல ஒரு ஓட்ட இருக்கும், அது வழியா பாத்தேன். அய்யோ, அன்னிக்கி யுவா ஆடின ஆட்டத்தப் பாக்கணுமே. பந்து வந்தா அப்பிடியே நிக்கிறா. யாருக்கோ குடுக்கப் போறா, அப்புறம் மாத்துறா, அதுக்குள்ள புடுங்கிக்கினு போயிடுறாங்க. நாலு பொண்ணுங்களுக்கு நடுவுல சந்தையில தொலஞ்ச புள்ள மாதிரி நிக்கிறா.

எபி மாஸ்டர் வந்து, "இப்பப் புரியுதாம்மா?"ன்னாரு.

"நல்லா புரியுது மாஸ்டர். நான் இல்லன்னா அவளால ஆட முடியல"ன்னேன்.

மனுசன் விசில பாக்கெட்டுல போட்டுக்கினு திரும்பிப் போயிட்டாரு. தோத்துட்டாரு இல்ல, வேற இன்னா பண்ணுவாரு.

அவளுக்குப் பதினாலு முடியிறப்ப ஸ்டேட் டீமு செலக்சன் வந்துச்சு. பதினேழு வயசுக்குள்ள இருக்கிற பொண்ணுங்க. திருச்சி பக்கத்துல மூணு நாள் கேம்ப்பு. நானும் பைய மாட்டிக்கினு கெளம்பினேன். கேட்டுல நிறுத்திட்டாங்க. பெத்தவங்க உள்ள வரக் கூடாதாம். மூணு நாளும் அந்த கேட்டுக்கு எதுர்ல புளிய மரத்தடியில ஒக்காந்திருந்தேன். உள்ள விசில் சத்தம் கேக்கும். பந்து எங்க இருக்குது, இவ எங்க இருக்கான்னு தெரியாது.

மூணாவது நாள் வெளிய வந்தா. லிஸ்ட்டுல பேரு இல்ல.

எபி மாஸ்டரும் வந்திருந்தாரு, அவர உள்ள உட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல வச்சி எங்கிட்ட சொன்னாரு. "பந்து கால்ல வந்ததும் தலையத் தூக்கி கோட்டுக்கு வெளியே பாக்குதும்மா. ஒவ்வொரு தபாவும். அங்க யாரும் இல்ல. மறுபடி குனிஞ்சி பாக்குறதுக்குள்ள பந்து போயிடுது. செலக்டருங்க மூணு பேரும் கவனிச்சிட்டாங்க. காலு தங்கம், ஆனா புள்ளைக்கு முடிவெடுக்கத் தெரியலன்னு எழுதிட்டாங்க."

கேட்டியா நாயத்த? என்ன உள்ள உட்டிருந்தா எடுத்திருப்பாங்க. அத்த விட்டுட்டு புள்ள மேல பழி. ஊட்டுக்காரர்கிட்ட அதான் சொன்னேன். அவரு, "பேசாம உடேன்டி, அவளே ஆடட்டும்"னாரு. தண்ணி லாரி ஓட்டுறவருக்கு இன்னா தெரியும்னு அப்பவே வாய அடச்சிட்டேன்.

அடுத்த வருசம் செலக்சன் சென்னையிலயே வந்துச்சு. கடவுளே கொண்டாந்து குடுத்த மாதிரி. ஆனா அங்கயும் பெத்தவங்களுக்கு எடம் இல்ல, கேட்டுல வாட்ச்மேன், சுத்தி ஆளு ஒசரத்துக்கு மேல காம்பவுண்டு செவுரு. நான் யோசிச்சேன். ரெண்டு நாளா யோசிச்சேன். அப்புறம் ஊட்டுக்காரர்கிட்ட, அந்தப் பக்கம் தண்ணி எறக்க வேண்டிய எடம் இருக்குதான்னு கேட்டேன். அந்த மனுசன் சூது வாது தெரியாம, "தோ, ரெண்டு தெரு தள்ளி ஒரு அபார்ட்மெண்டுக்கு டெய்லி எறக்குறேனே"ன்னாரு.

நீ சிரிப்ப தங்கச்சி. சிரி பரவால்ல. லாரிய செவுத்த ஒட்டி நிறுத்தச் சொல்லிட்டு, பின்னாடி ஏணி இருக்கும் இல்ல, அதப் புடிச்சி ஏறி டாங்கி மேல நின்னுட்டேன். பொடவைய வரிஞ்சி கட்டிக்கினு. மூடியெல்லாம் ஈரம், வழுக்குது. கீழ அவரு, "எறங்குடி, மானத்த வாங்காதடி, உழுந்து தொலைக்கப் போற"ன்னு கெஞ்சுறாரு. மேலருந்து பாத்தா கிரவுண்டு உள்ளங்கை மாதிரி தெரியுது. என் ஆயுசுல அவ்ளோ தெளிவா ஒரு மேட்ச்ச நான் பாத்ததில்ல.

யுவாவுக்கு நான் அங்க நிக்கிறது தெரியாது. அவ செவுத்துப் பக்கம் பாக்கல. நல்லாத்தான் ஆடிக்கினு இருந்தா, இப்ப யோசிச்சா. ஒரு தபா கூட கோட்டுக்கு வெளியே பாக்கல. எபி மாஸ்டர் ஒரு வருசமா அவகூட ஒக்காந்து அதத்தான் மாத்தினாராம், அப்புறம்தான் கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? சொல்லல. பந்து அவ கால்ல வருது. முன்னாடி ரெண்டு பேரு. நடுவுல ஒரு லாரி போற அளவு எடம் காலியா இருக்குது. அவ அந்தப் பக்கம் போவாம இன்னொரு பக்கம் காலத் தூக்குறா.

"உள்ள! உள்ள போ யுவா!"

மிஷின் ஓடாத எடம் இல்ல? அந்த அமைதியில என் குரலு போயி எல்லா பக்கமும் மோதிட்டு திரும்பி வருது. ரெஃப்ரீ விசில் அடிச்சிட்டாரு. ஆட்டம் நின்னுடுச்சு. இருவத்திரெண்டு பொண்ணுங்க, செலக்டருங்க, வாட்ச்மேனு, எல்லாரும் தலையத் தூக்கி செவுத்துக்கு மேல பாக்குறாங்க. தண்ணி லாரி மேல நான் நிக்கிறேன். ஒரு பொண்ணு சிரிச்சா. அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. யாரோ கை தட்டுறாங்க.

யுவா மட்டும் பாக்கல. எல்லாரும் பாக்குறாங்க, அவ ஒருத்தி மட்டும் தலையத் தூக்கல. அப்பிடியே தரையில ஒக்காந்துட்டா. கிரவுண்டுக்கு நடுவுல, ரெண்டு கையாலயும் காதப் பொத்திக்கினு. ரெஃப்ரீ வந்து எழுப்புறாரு, எழுந்திரிக்க மாட்டேங்கிறா. எபி மாஸ்டர் ஓடி வந்து தோள்ல கை போட்டு வெளிய கூட்டிக்கினு போனாரு. அவரும் என்னப் பாக்கல.

லிஸ்ட்டுல பேரு வரலன்னு தனியா சொல்லணுமா?

அன்னிக்கி லாரில மூணு பேரும் முன்னாடி ஒக்காந்து வரோம். அவ நடுவுல. நான் சொல்லிக்கினே வரேன், ஆம்பளைங்க கத்தினா ஒண்ணுமில்ல, பொம்பள கத்தினா தப்பாப் போச்சு, செலக்டரு வேற ஊர்க்காரன், அவன் ஊர்ப் பொண்ண எடுக்க சாக்கு தேடிக்கினு இருந்தான், அப்பிடி இப்பிடின்னு. அவ ஊட்டுக்கு வந்ததும் பூட்ஸக் கழட்டி, கழுவி, வெயில்ல காய வச்சி, மறுநாளு கீழ் ஊட்டுப் பொண்ணுக்குக் குடுத்துட்டா. அழுவல, கத்தல. கத்தியிருந்தா எனக்கு ஆறியிருக்கும். கத்துனா நானும் கத்துவேன், முடிஞ்சி போவும். அவ எங்கிட்ட பேசுறதக் கொறச்சிக்கினா. "சாப்டியா?" "ம்." "நாளைக்கி பரிச்சையா?" "ம்." நாலு வருசம் தங்கச்சி. ஒரே ஊட்டுல ஒரு புள்ள "ம்"முன்னே பேசினா எப்பிடி இருக்கும்னு உனக்குத் தெரியாது. தெரிய வேணாம்.

பன்னெண்டாவது நல்ல மார்க்கு. சென்னையில நூறு காலேஜ் இருக்குது. சேலம்தான் போவேன்னா. ஏண்டின்னு கேட்டேன். "அங்க ஹாஸ்டல் இருக்கு"ன்னா. அவ்ளோதான் பதிலு.

போன வாரம், ஊட்டுக்காரர் சாப்டுக்கினு இருக்கும்போது போன் வந்துச்சு. எழுந்து வெளிய போயி பேசினாரு. சோத்துத் தட்ட வச்சிட்டு எந்திரிக்கிற ஆளு இல்ல அவரு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன். "செமி ஃபைனலா? வியாழக்கெழமையா? நல்லா ஆடும்மா. இல்லம்மா, அம்மாகிட்ட சொல்லல. சொல்ல மாட்டேன்"ங்கிறாரு.

புடிச்சி உலுக்கிக் கேட்டப்புறம்தான் சொன்னாரு, ஒரு வருசமா ஆடிக்கினு இருக்காளாம். காலேஜ் டீமுல. அப்பனுக்குத் தெரியும், எபி மாஸ்டருக்குத் தெரியும், பூட்ஸு வாங்கிக்கினாளே அந்தக் கீழ் ஊட்டுப் பொண்ணு, அதுக்குக் கூடத் தெரியும். எனக்குத் தெரியாது. அன்னிக்கி கம்பெனில நான் அழுத அழுகைய என் லைன்ல இருக்கிற நாப்பது பொண்ணுங்களும் பாத்துச்சுங்க. நான் அவளுக்கு இன்னா கெடுதல் பண்ணேன்? ஒம்போது வயசுலருந்து ஒரு ஞாயித்துக்கெழம நான் படுத்துத் தூங்கினதில்ல.

போறேன்னு கெளம்பினேன். ஊட்டுக்காரர் கால்ல உழாத கொற. "அம்மா வரக் கூடாதுன்னு ஒண்ணே ஒண்ணுதாண்டி கேட்டுச்சு புள்ள. அதையும் கெடுக்காத"ன்னாரு. பாக்காம செத்துடுவேன் போலருக்குதுயான்னேன். அந்த மனுசன், "போறதுன்னா வாயில தண்ணிய ரொப்பிக்கினு நில்லு. முழுங்காத"ன்னாரு. கிண்டலுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன். மொகத்தப் பாத்தா கிண்டல் இல்ல.

இன்னிக்கி காலையில ஆறு மணிக்கு சேலத்துல எறங்கினேன். ஏழரைக்கு மேட்ச்சு. காலேஜ் கிரவுண்டுல பொண்ணுங்க நூறு பேருக்கு மேல நின்னுக்கினு கத்துதுங்க, யாரும் யாரையும் கேக்கல. நான் துப்பட்டா எடுத்துப் போயிருந்தேன், தலையச் சுத்திக் கட்டிக்கினு, மாஸ்க்கு போட்டுக்கினு, சைக்கிள் ஸ்டாண்டு பக்கமா நின்னேன். தண்ணி பாட்டல் ரெண்டு. ஆட்டம் ஆரம்பிச்சதும் மாஸ்க்க எறக்கி ஒரு வாய் ரொப்பிக்கினேன்.

வளந்துட்டா தங்கச்சி. முடிய ஒட்ட வெட்டியிருக்கா. எங்கிட்ட கேக்கல. நல்லாத்தான் இருக்குது.

ஆடுறா பாரு. எப்பிடிச் சொல்றது. நான் பாத்த யுவா நல்லா ஆடுவா, ஆனா ஒரு மாதிரி வெறப்பா ஆடுவா, ஸ்கூல் ஆண்டு விழாவுல டான்ஸ் ஆடுற புள்ள மாதிரி. இவ அப்பிடி இல்ல. பந்து வருது, கொஞ்சம் சும்மா வச்சிக்கினு நிக்கிறா, எதுர்ல வரவ கிட்ட வர வரைக்கும் நிக்கிறா, அப்புறம் போறா. ரெண்டு தபா தப்பா குடுத்தா. எனக்கு வாயில தண்ணி கொதிக்குது. தப்பா குடுத்துட்டு சிரிக்கிறா! கிரவுண்டுல அவ சிரிச்சி நான் பாத்ததே இல்ல. ஒம்போது வயசுலருந்து எத்தினி மேட்ச்சு, ஒரு தபா கூட பாத்ததில்லன்னு எனக்கு இன்னிக்கித்தான் தெரியுது. எனக்கு எங்க நேரம் இருந்துச்சு, நான் காலி எடத்தத்தான் பாத்துக்கினு இருந்தேன்.

ரெண்டாவது பாதில கோலு. லெஃப்ட்ல அடிக்க வேண்டிய பந்து. நான் மட்டும் இல்ல, எவளாயிருந்தாலும் லெஃப்ட்ல அடின்னுதான் கத்தியிருப்பா. கோல் கீப்பரும் அதத்தான் நெனச்சா. இவ பந்த உருட்டி ரைட்டுக்கு மாத்தி ஒரு அடி. ரைட்டுல! அந்தக் கால்ல அவளுக்கு ஒண்ணுமே வராது. அந்தக் கால உபயோகப்படுத்த நான் உட்டதே இல்ல. வலை ஆடுது. எனக்கு தண்ணி மூக்குல ஏறி, இருமி, கண்ணுல தண்ணி. பக்கத்துல நின்ன பொண்ணு முதுகத் தட்டி, "ஆன்ட்டி, என்னாச்சு ஆன்ட்டி"ங்குது. ஒண்ணுமில்லம்மான்னு கைய காட்டிட்டு மறுபடி ஒரு வாய் ரொப்பிக்கினேன். நான் கத்தல தங்கச்சி. அம்மன் மேல ஆணையா, ஒரு சத்தம் கூட உடல.

ஜெயிச்சிட்டாங்க. நான் பேசாம திரும்பிப் போயிருக்கணும். அதான் யோசன. ஆனா முறுக்கு இருக்குது பையில, புள்ள அம்பது அடில நிக்கிறா, எந்தத் தாயால முடியும்? துப்பட்டா, மாஸ்க்கு ரெண்டையும் அவுத்து பையில போட்டுக்கினேன். வெளி கேட்டுக்குப் போயி, அங்கருந்து புதுசா வரவ மாதிரி உள்ள நடந்து வந்தேன்.

பாத்துட்டா. கூட இருந்த பொண்ணுங்ககிட்ட சிரிச்சி பேசிக்கினு இருந்தவ, என்னப் பாத்ததும் அந்த மொகம் அப்பிடியே வத்திப் போச்சு. தோளு ரெண்டும் மேல ஏறிடுச்சு. அடிக்கப் போறவனப் பாத்தா சின்னப் புள்ளைங்களுக்கு ஏறுமே, அந்த மாதிரி. நான் அவள அடிச்சதே இல்ல தங்கச்சி. ஒரு நாளும் கை ஓங்கினதில்ல.

"எப்பம்மா வந்த?"ன்னா. "மேட்ச் பாத்தியா?"

பாத்தேன்டி, ராஜாத்தி, பாத்தேன், உன்ன மாதிரி ஒருத்தி இந்த ஊர்லயே இல்லடின்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அந்தத் தோளப் பாத்தேன்.

"மேட்ச்சா? எந்த மேட்ச்சு?"ன்னேன். "இப்பத்தான் பஸ்ஸ உட்டு எறங்குறேன். முறுக்கு குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

தோளு எறங்குச்சு. அத்த நான் கண்ணால பாத்தேன். மெதுவா, ரெண்டும் எறங்குச்சு. கிட்ட வந்து என் கையப் புடிச்சிக்கினா. நாலு வருசம் கழிச்சி. வேர்வையும் மண்ணுமா, கதகதன்னு இருந்துச்சு கை.

மரத்தடியில ஒக்காந்தோம். முறுக்கு தின்னுக்கினே பேசுறா, பேசுறா, நிறுத்தவே இல்ல. ஃபுட்பாலு மறுபடி ஆடுறேம்மா, உங்கிட்ட சொல்லல, கோவமான்னா. இல்லடின்னேன். இன்னிக்கி செமி ஃபைனலு, ஒரு கோல் போட்டேம்மான்னா. எந்தக் கால்லன்னு கேட்டேன். கேட்டுத்தானே ஆவணும், நான்தான் பாக்கலையே. "ரைட்ல"ன்னு சொல்லிட்டு என் மொகத்தையே பாக்குறா. "ரைட்லயா! அந்தக் கால்ல உனக்கு வராதேடி!"ன்னேன். எப்பிடி நடிச்சேன் தெரியுமா, சினிமாவுல சேத்துக்கலாம் என்ன. அவளுக்கு ஒரே சந்தோசம். எந்திரிச்சி நின்னு, முறுக்கு ஒண்ண கீழ வச்சி, இதான் கோல் கீப்பரு, இங்க நான்னு, காலால காட்டுறா. பாதி தப்பாத்தான் சொன்னா. எதுர்ல ரெண்டு பேர்னா, மூணு பேரு இருந்தாங்க. நான் திருத்தல. ம், அப்புறம், ம், அப்புறம்னு கேட்டுக்கினேன்.

அப்புறம் ஒண்ணு சொன்னா. என் மேல கோவமா சொல்லல, அதான் தங்கச்சி என்னப் போட்டு அறுக்குது. பிரெண்டுகிட்ட சொல்ற மாதிரி, சந்தோசமாச் சொன்னா. "முன்னெல்லாம் பந்தப் பாத்தாலே உன் குரல் கேக்கும்மா. ரோட்ல பசங்க ஆடிக்கினு போனாக்கூட கேக்கும். காதப் பொத்தினாலும் உள்ள கேக்கும். அதனாலதான் விட்டேன். இந்தக் காலேஜ் வந்தும் கேட்டுச்சு. இப்ப கேக்கலம்மா. மூணு மாசமா கேக்கவே இல்ல. முழு மேட்ச்சும் தலைக்குள்ள ஒரே அமைதி. எவ்ளோ நல்லா இருக்கு தெரியுமா?"

ரொம்ப நல்லதுடா கண்ணுன்னேன். வேற இன்னா சொல்லட்டும்.

என் உசுரக் குடுத்து வளத்தேன், அவளுக்கு நான் ஒரு வியாதி மாதிரி இருந்திருக்கேன், சொஸ்தமாயிட்டேம்மான்னு எங்கிட்டயே வந்து சொல்றா. யாருகிட்டப் போயி அழுவேன் இத்த. செலக்டருங்க ஓரவஞ்சனக்காரங்கதான், அதுல மாத்தம் இல்ல. ஆனா அந்த லாரி மேல நான் ஏறாம இருந்திருக்கலாம். அத்த மட்டும் ஒத்துக்கறேன். அன்னிக்கி அவ காலத் தூக்கினா பாரு, நான் உள்ள போன்னு கத்துனேனே, அதுவும் ரைட்டு காலுதான். இப்பத்தான் பஸ்ல வரும்போது ஞாபகம் வந்துச்சு. அடிச்சிருந்தா கோலு உழுந்திருக்குமோ இன்னாவோ. யாருக்குத் தெரியும்.

இருக்கட்டும் தங்கச்சி, நான் தொடச்சிக்கறேன். முந்தானை இருக்குது. உன் ஊரு வருது பாரு, பையெல்லாம் சரியா எடுத்து வச்சிக்க.

ஃபைனலு ஞாயித்துக்கெழம. கெளம்பும்போது மெதுவா கேட்டேன், "வரட்டுமாடி?"ன்னு. சிரிச்சிக்கினே இருந்தவ நிறுத்திட்டா. "வேணாம்மா. நான் போன்ல சொல்றேன். மொதல்லருந்து கடைசி வரைக்கும், எல்லாம் சொல்றேன். அப்பாகிட்ட சொல்றதுக்கு முன்னாடி உங்கிட்டதான்"னா. சரிடின்னுட்டேன்.

சொல்லுவா. சொன்னா சொன்னபடி செய்யிற புள்ள. ஞாயித்துக்கெழம போன கையிலயே வச்சிக்கினு ஒக்காந்திருப்பேன். பாக்காதவ மாதிரி இன்னிக்கி கேட்டுக்கினேன் இல்ல, அதே மாதிரி கேட்டுக்குவேன். அன்னிக்கி நடிக்க வேண்டியதில்ல தங்கச்சி. அன்னிக்கி நெஜமாவே பாத்திருக்க மாட்டேன்.